சதுரத்துக்கு வெளியே ஒரு சாண்

குழாய்த் துண்டுகளால் செய்த சதுரத்தைச் சேற்றில் வைத்து, அனிஷா குனிந்து எண்ணினாள். நண்டு இரண்டு. சேற்றுமீன் ஒன்று. பவளம் சைபர். சிலேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு சாண் தள்ளி, படகுத்துறைத் தூணின் அடிப்பாறையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு என்னவோ பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் தேனடை போலச் சின்னக் குழிகள். உயிருள்ள பவளம்! டீசலும் பிளாஸ்டிக் பையும் மிதக்கிற இந்த மும்பைத் தண்ணீரில்!

துறையை அகலப்படுத்தப் போகிறார்கள். பவளம் பதிவான இடத்தில் புதுத் தூண் இறங்காது. பதிவாகாத இடத்தில் இறங்கும். அதற்காகத்தான் ஆறு நாளாக இந்தக் கணக்கெடுப்பு. கட்டிய கயிற்றில் ஐந்து மீட்டருக்கு ஒரு முறை சதுரம் விழ வேண்டும். உள்ளே இருப்பதுதான் கணக்கு. முதல் நாள் கயிற்றைக் கட்டியவள் அவளேதான். இந்தத் தூணைச் சுற்றிச் சிப்பி காலைக் கிழிக்கிறதே என்று சற்று ஒதுக்கிக் கட்டியிருந்தாள்.

"அக்கா, ஒரு சாண்தானே? நகத்தி வையுங்க. எவன் பாக்கான்?" என்றான் கேமராவோடு நின்ற சுஜின். அவனும் தாராவிதான், அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவன்.

"நான் பாக்கேன்லா."

"ஆமா, நீங்க பரலோகத்துக்கு டிக்கெட்டே எடுத்து வச்சிருக்கீய!"

"லேய், ஒரு சதுரம் நகந்ததுன்னு காண்டிராக்டர் கண்டுபிடிச்சா மொத்தக் கணக்கையும் குப்பையில போட்டுருவான். கயித்தோட அந்தக் கடைசியில நாம ஏற்கெனவே பதிஞ்ச பவளமும் சேந்து போயிரும்."

அவள் மாட்டுங்கா ஆபீசுக்குப் போன் போட்டாள். அறிக்கையில் கையெழுத்துப் போடுகிற வேங்கடசுப்ரமணியன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சதுரத்துக்குள்ள இருக்கோ?"

"இல்ல சார். ஒரு சாண் வெளிய."

"அப்போ சைபர்தாம்மா."

"கயித்த மாத்திக் கட்டி, முதல்லருந்து எடுக்கட்டுமா சார்?"

"இவ்வளவு தண்ணி வத்த இன்னும் பதினஞ்சு நாள் ஆகும். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை போயாகணும். குறிப்புல எழுது, தாராளமா எழுது. ஆனா படிக்கறவா டேபிளை மட்டுந்தான் பார்ப்பா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெரிசா இருக்கோ?"

"தட்டு மாதிரி இருக்கு சார்."

"அடப்பாவமே" என்றார். போன் வைக்கப்பட்டது.

கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. சைபர் வந்த தூண்களில் குறி போட, காண்டிராக்டரின் ஆள் சிவப்பு டப்பாவோடு படகில் நெருங்கினான்.

"சைபர் ஹை நா, மேடம்?"

சிலேட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"ஜரா பாஜூ."

விலகினாள். அவன் தூணில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான். பெயிண்ட் வழிந்து சொட்டியது. கீழே தண்ணீர் பாறையை மூடிவிட்டிருந்தது. அதன்மேல் சிவப்புச் சொட்டு கரையாமல் சுற்றிச் சுற்றி வந்தது.