மேலே காத்திருக்கிறோம்

மூன்று நாளாக நான் உட்காரவே இல்லை. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்துதானே வந்தாய் என்று கேட்கிறவர்கள், முதலில் அந்தச் சீட்டில் ஒரு மலையை ஏறிவிட்டு வரட்டும். பிறகு பேசிக்கொள்ளலாம்.

நாங்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி. யோசனை கொழுந்தனுடையது. முதல் மூன்று நாள் மலைப்பாதை, அடுத்த இரண்டு நாள் கடலோரச் சாலை, எல்லாம் சைக்கிளில். பல் டாக்டர்களுக்குச் சாய்வு நாற்காலி விற்பது அவன் வேலை. மனிதர்களை வசதியாக உட்கார வைப்பதைப் பற்றி அவன் ஊர் ஊராகப் போய்ப் பேசுவான். என் ஓரகத்தி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் ஊதாமல் அவளால் அன்பு காட்ட முடியாது. என் வீட்டுக்காரருக்கு அச்சகம். முன்னறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பார், வாடிக்கையாளர்களிடம் சிரிப்பார். பின்னறையில் கட்டிங் மெஷின் இருக்கிறது. அதன் முன்னால் நான் நிற்பேன். காகிதக் கட்டை ஏற்று, தட்டிச் சமமாக்கு, கை விலகியதா என்று பார், வெட்டு, அடுத்ததை ஏற்று. பின்னறையில் நாற்காலி கிடையாது. போட்டால் இடம் அடைக்குமாம்.

பள்ளிக்கூட நோட்டு சீசன் முடிந்து கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்த சமயத்தில்தான் கொழுந்தன் வந்து, அண்ணிக்கு ஓய்வு வேண்டும் என்றான். ஓய்வுக்கு யாராவது சைக்கிள் மிதிப்பார்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடல் என்ற ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கடல் தெரிகிற ஏதாவது ஓரிடத்தில் நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும், அப்போது யாரும் என்னிடம் எதையும் கேட்கக் கூடாது. அதற்கென்ன, தாராளமாக உட்கார் என்றார் வீட்டுக்காரர். தாராளம் என்பது அவருக்கு வாயோடு சரி.

முதல் நாள் காலை சாமான்களைச் சைக்கிள்களில் ஏற்றும்போதே வினை ஆரம்பித்தது. ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு, மழைக்கோட்டுகள், பஞ்சர் சாமான் எல்லாம் என் சைக்கிளின் பின்பைகளுக்குள் போயின. ஏன் என் வண்டியில் என்று கேட்டேன்.

"நீ எப்படியும் மெதுவாத்தானே வரப்போற. உன் வண்டியில இருந்தா என்ன?" என்றார்.

இந்த நியாயத்தை நான் ஏற்றம் முழுக்க மென்றுகொண்டே போனேன். மெதுவாகப் போகிறவள் சுமக்கலாம். சுமப்பதால் இன்னும் மெதுவாகப் போவாள். இன்னும் மெதுவாகப் போவதால் இன்னும் சுமக்கலாம். இவருக்கு அச்சகம் எதற்கு, நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஓரகத்தி திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க அக்கா, மேலே காத்திருக்கோம்," என்றாள். மூன்று பேரும் வளைவில் மறைந்தார்கள். நான் மூச்சு வாங்க மிதித்தேன், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினேன், மறுபடி ஏறினேன். உச்சிக்குப் போனபோது மூவரும் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முகம் ஆறி, வியர்வை காய்ந்து, கல்யாண வீட்டில் முதல் பந்தி முடித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என் கால் தரையில் பட்டது. வீட்டுக்காரர் எழுந்து கால்சட்டையின் தூசியைத் தட்டினார்.

"வந்துட்டியா? சரி, கிளம்பலாம்."

முதல் தடவை, கவனிக்காமல் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாவது மலையிலும் அதே சுவர், அதே தூசி, அதே சொல். மூன்றாவது மலையில்தான் எனக்குக் கணக்கு புரிந்தது. முதலில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வு. கடைசியில் வருகிறவளுக்குக் கிளம்பும் நேரம். அதிகமாகக் களைத்தவள் எவளோ அவளுக்குத்தான் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. இதில் அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள் என்று நன்றி வேறு பாக்கி.

வீட்டிலும் இதுதானே நடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நான் தட்டோடு உட்காரும்போது அவர்கள் கை கழுவ எழுந்திருப்பார்கள். இத்தனை வருஷம் அதைச் சமையலறைச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். மலை ஏறி வந்தும் அது என் பின்னாலேயே வந்திருக்கிறது. எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மலைகளை முடித்து ஒரு விடுதியில் இறங்கினோம். சாப்பாட்டு மேஜையில் விடுதிக்கார அம்மாள், பாதை எப்படி இருந்தது என்று மரியாதைக்குக் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு ஆள் கிடைத்தது.

"பாதைக்கு என்னங்க, அருமை. எங்களுக்குப் பாதி நேரம் காத்திருக்கிறதுலயே போச்சு. இவ வந்து சேர்றதுக்குள்ள மேகம் கலைஞ்சு மறுபடி கூடிடுது."

மேஜையே சிரித்தது. விடுதிக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கொழுந்தன் நிறுத்தவில்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போதாது என்று திருகவும் வேண்டுமா? நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நீங்க மூணு பேரும் ஒவ்வொரு மலையிலயும் உக்காந்து எந்திரிக்கிறீங்க. நான் ஒரு தடவையாவது உக்காந்தேனா?"

அவர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, நிஜமாகவே புரியாத முகத்தோடு கேட்டார்.

"உன்னை யாரு உக்கார வேண்டாம்னா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாள் கடலோரச் சாலை. கடலோரம் என்றால் சமதளம் என்று நினைத்தது என் தப்பு. அந்தச் சாலை குன்றுகளின் இடுப்பில் ஏறி இறங்கி ஏறிப் போனது. கடல் இடப்பக்கம் இருந்தது. அது எனக்குக் காதால் தெரிந்ததே தவிரக் கண்ணால் இல்லை. கண் முழுக்க முன்சக்கரத்திலும் சரளைக்கல்லிலும் இருந்தது.

முதல் குன்றின் உச்சியில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதற்கு எதிரே கடல் அப்படியே விரிந்து கிடந்தது. நான் போனதும் வழக்கம்போல மூவரும் எழுந்தார்கள். இந்த முறை விடுவதாக இல்லை என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மூன்று பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றி நின்றார்கள்.

"உக்காருங்க அக்கா, அவசரமே இல்ல," என்றாள் ஓரகத்தி, தாடையின் கீழ் வாரைப் பூட்டிக்கொண்டே.

வீட்டுக்காரர் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். கிறிச், கிறிச். கொழுந்தன் வானத்தைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். கிளம்பத் தயாராக நிற்கும் மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்து பாருங்கள். முள்மேல் உட்காருவது தேவலை. நான் எழுந்துவிட்டேன். எழுந்த என் மேலேயே எனக்கு வந்த கோபம், அவர்கள் மேல் வந்ததைவிடப் பெரிது. இந்தக் கடலுக்காகத்தான் வந்தேன், கண்ணால் பார்த்தும்விட்டேன், என்னாலேயே அதை விட்டுவிட்டு எழ முடிகிறதே என்று பல்லைக் கடித்தேன்.

அடுத்தது அந்தச் சாலையிலேயே பெரிய ஏற்றம். மேலே ஒரு கலங்கரை விளக்கம் தெரிந்தது. மெதுவா வாங்க, மேலே காத்திருக்கோம் என்ற மந்திரத்தை ஓதிவிட்டு அவர்கள் போனார்கள்.

ஏற்றத்தின் பாதியில் ஒரு வளைவு. வளைவின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர், அதற்கப்பால் கடல். மேலே இருக்கிறவர்களுக்கு இந்த இடம் தெரியாது. நான் இறங்கினேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஷூவையும் கழற்றினேன். உட்கார்ந்தேன்.

சுற்றி யாரும் நிற்காமல் உட்காருவது தனி ருசி. கடல் அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்கும் அவசரம்கூட எனக்கு இல்லை. கால்விரல்களுக்கு நடுவே காற்று போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பசித்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, காலையில் விடுதியில் கட்டி வாங்கிய சாப்பாடு மொத்தமும் என்னிடம் இருக்கிறது. என் பங்கு ரொட்டியைத் தின்றேன். முட்டையை உப்புத் தொட்டு நிதானமாகத் தின்றேன். ஆரஞ்சின் வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக உரித்தேன்.

போன் அடித்தது. பெயரைப் பார்த்தேன். சுவரின்மேல் கவிழ்த்து வைத்தேன். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. மேலே காத்திருக்கிறவர்கள் காத்திருக்கட்டும், அதில்தான் அவர்களுக்கு நல்ல பழக்கம் ஆயிற்றே.

கப்பல் நகர்கிறது என்பது உறுதியானபோது, மேல் வளைவில் பிரேக்குகள் கதறின. முதலில் வீட்டுக்காரர், பின்னால் மற்ற இரண்டு பேர். அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. பொய் சொல்வானேன், ஒரு கணம் எனக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கணத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாவற்றையும் மறந்திருப்பேன்.

"எங்கேயோ விழுந்து கிடக்கிறியோன்னு பதறிப்போய் வந்தா, இங்க உக்காந்து தின்னுட்டிருக்கே. இப்ப நாங்க அவ்வளவு தூரமும் மறுபடி ஏறணும், தெரியுமா?"

தெரியும். அந்த ஏற்றத்தில் பாதியை இப்போதுதான் மிதித்திருக்கிறேன். எனக்குத் தெரியாததா?

மூன்று பேரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கொழுந்தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓரகத்தி என் பக்கத்தில் கிடந்த ஆரஞ்சுத் தோலையே பார்த்தாள். பயமும் பசியும் சேர்ந்து மூன்று பேரையும் பிழிந்திருந்தன. வீட்டுக்காரர் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் எனக்குப் பக்கத்தில் உட்காரக் குனிந்தார்.

நான் எழுந்தேன். கால்சட்டையின் தூசியைத் தட்டினேன்.

"வந்துட்டீங்களா? சரி, கிளம்பலாம்."

அவர் பாதி குனிந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று சிரிக்கப் பார்த்தார். நான் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பின்பைகள் இரண்டையும் என் சைக்கிளிலிருந்து கழற்றி, கீழே கிடந்த அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாமே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"உங்களை யாருங்க உக்கார வேண்டாம்னா?" என்றேன். ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே பூட்டினேன். "மெதுவா வாங்க. நான் மேலே காத்திருக்கேன்."

ஏறி மிதித்தேன். சுமை இல்லாத சைக்கிள் இப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வளைவைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஹெல்மெட் வார் பூட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. மூன்று பேரில் ஒருவர்கூட உட்காரவில்லை.