மீட்டமை

இரவு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா மகள் டேப்லெட்டை நீட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மாமா, அரைமணி நேரமா அப்படியே நிக்குது. ஒன்பது மணிக்குள்ள ப்ராஜெக்ட்டை அனுப்பணும்."

பள்ளியில் கொடுத்த டேப்லெட். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. மூன்று வாரமாக அவள் எழுதிய நாற்பது பக்கமும் அதற்குள்தான் இருந்தன. பள்ளிக்குக் கொண்டுபோனால்தான் அனுப்ப முடியும். அனுப்பாவிட்டால் மறுபடியும் ஒன்பதாம் வகுப்பு. அந்த 'மறுபடியும்' எனக்குத் தெரியும். அதில்தான் நான் படிப்பை விட்டேன்.

"குடு, பார்ப்போம்."

"உனக்குத் தெரியுமா?"

"குடோன்ல விடிய விடிய இதைத்தானே தட்டிட்டு இருக்கேன்."

"அது பெட்டி எண்ணுற மெஷின், மாமா."

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அவன்கிட்ட குடுக்காதேடி! டிவி ரிமோட்டைப் பிரிச்சு இன்னும் மூடத் தெரியாம வச்சிருக்கான்."

பொத்தானை அழுத்திப் பிடித்தேன். திரை கறுத்தது. பிறகு இரண்டு கட்டங்கள் வந்தன: 'ரத்துசெய்', 'மீட்டமை'. நாற்பது பக்கத்தை ரத்து செய்ய எனக்கென்ன பைத்தியமா? மீட்டமையைத் தொட்டேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. உறுதியாகத்தான்.

ஐந்து நிமிடத்தில் திரை பளிச்சென்று எழுந்தது. 'வணக்கம். மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.'

"பரவாயில்லையே மாமா!" என்று வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் காலி. டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

பள்ளியில் கம்ப்யூட்டர் சார் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீட்டமைன்னா ரீசெட்ங்க. எல்லாத்தையும் துடைச்சிடும்."

"மீட்டுக் குடுக்கும்னு நினைச்சேன் சார்."

"எல்லாருக்கும் புரியட்டும்னுதான் தமிழ்ல போட்டாங்க."

"வேற வழி?"

"சர்வருக்கு வந்திருந்தா எடுத்துத் தரலாம். வரவே இல்லையே."

"பேப்பர்ல எழுதித் தரட்டுமா சார்?" என்று அவள் கேட்டாள்.

"பேப்பரை நான் எங்கம்மா ஏத்துறது? அதுக்கு இதுல இடமே இல்லை."

ஒன்பது மணிக்கு அவர் கணினியில் அவள் பெயர் இருந்த வரி தானாகச் சிவந்தது. சார் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "பாருங்க, நான் எதையும் தொடலை."

"நீ வீட்டுக்குப் போ மாமா. போய்த் தூங்கு" என்றாள்.

திட்டியிருந்தால் பதிலுக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். நான் போகவில்லை. நின்று என்ன செய்வதென்றும் தெரியவில்லை.