இரண்டாம் தட்டு

1.
இந்தக் கதை ஒரு தட்டு வறுத்த பன்றியிறைச்சியில் பிறந்தது. அறிவியல் ஆர்வத்தில் பிறந்தது என்றால் எனக்கு மதிப்பு கூடும். ஆனால் செர்பிய மலைப்பக்கத்து எங்கள் ஊரில் எதுவும் சாப்பாட்டில்தான் தொடங்கும்.

முதலில் இப்படி எழுதினேன்: "ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் என்னும் சின்னஞ்சிறு வீரர்கள், காயம் கண்டதும் பாய்ந்து..."

(பாடப்புத்தக வாடை, அடித்துவிட்டேன். கிழிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, மற்றவற்றையும் கூப்பிட்டு ஒட்டவைக்கும் துணுக்குகள் அவை. குறைந்துபோனால் மூக்கில் வடியும் ரத்தம்கூட உறையாது.)

2.
மோமிருக்கு உறையவில்லை. ரத்தப் புற்றுநோய். வெளியார் தட்டணுக்கள் அவன் உடம்பில் தங்கவில்லை. பொருந்தியது தம்பி விதோயேயுடையது மட்டும். பிளம் தோட்டத்து எல்லைச் சண்டையில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி.

மோமிரின் மனைவி ரதோய்கா வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டாள். ரத்தம் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாளே விதோயே வந்துவிட்டான். கொடுக்கும்வரை கொழுப்பு கூடாது என்று நர்ஸ் அவனிடமும் ரதோய்காவிடமும் சொல்லியிருந்தாள். வீட்டில் வளர்த்த பன்றி அந்தக் கணக்கில் வராது என்பது எங்கள் ஊர் மருத்துவம்.

3.
"சாப்பிடுங்க தம்பி. நம்ம பன்னிதான், ஒண்ணும் பண்ணாது."

வேண்டாமென்றால் சண்டை இன்னும் தீரவில்லை என்று பொருள். விதோயே தட்டை வழித்தான். பிறகு இன்னொரு தட்டு கேட்டு வாங்கினான்.

(முதல் தட்டு மரியாதைக்கு. இரண்டாவது எதற்கு? அவனைப் படைத்த எனக்கே தெரியவில்லை.)

4.
காலையில் ஆஸ்பத்திரியில் சோதனைக்கு எடுத்த ரத்தத்தில், தெளிந்து மேலே நிற்க வேண்டிய நீர் கொழுப்பேறிப் பாலாக வெளுத்திருந்தது. நர்ஸ் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பன்னியா, ஆட்டுக்குட்டியா?"

இதை எடுக்க முடியாது என்று, மறுநாள் காலை வரச் சொல்லிவிட்டாள். உள்ளே மோமிரின் மூக்குப் பஞ்சு நனைந்துகொண்டிருந்தது. ரதோய்கா தாழ்வாரத்திலேயே விதோயேயிடம் கேட்டுவிட்டாள்.

"தெரிஞ்சேதான சாப்பிட்டீங்க?"

"நீங்களும் தெரிஞ்சேதான போட்டீங்க அண்ணி."

5.
முடிவு ஒன்று: மறுநாள் தட்டணுக்கள் ஏறி, ரத்தம் நின்று, அண்ணனும் தம்பியும் பிளம் சாராயத்தோடு கட்டிப்பிடித்து... (கண்ணீர் வரும். நம்பிக்கை வராது.)

முடிவு இரண்டு: மறுநாளுக்குள் மோமிர்... (கை வரவில்லை.)

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விதோயே ஊருக்குத் திரும்பவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, காய்ந்த ரொட்டி மட்டும் தின்றான். ரத்தம் கொடுத்ததும் அவன் சாப்பிட என்று ரதோய்கா பையில் கட்டி வந்த இறைச்சி அவள் மடியில் இருந்தது. அவள் நீட்டவில்லை. அவன் கேட்கவுமில்லை.

இரண்டாம் தட்டு பாசமா பழியா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். உங்களுக்குக் காலைவரை நேரம் இருக்கிறது. மோமிருக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.