மூன்றாம் சரணத்தில் இறப்பவன்

1

இந்தக் கதை திருட்டுப் பொருள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம். திருடிய இடம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், நாங்கள் பாட்டு எழுதும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடை. திருடியது, ஒரு தாய் கைபேசியை வாணலிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலைவனத்தில் அனல் காற்று வீசியது. லைல் தன் துப்பாக்கியை'... வேண்டாம். நான் பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. அடுத்து: 'தாய்மை என்பது எந்த நாட்டிலும்'... இதற்கு எழுதாமலே இருக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ரோண்டா அந்தக் கடையின் சமையல்காரி. ஒரே மகன் லைல், இருபத்து நான்கு வயது, தரைப்படையில் சேர்ந்து எங்கோ மணல் தேசத்தில் இருந்தான். பிப்ரவரியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தின் நடுவே அவனிடமிருந்து அழைப்பு வந்தது. ரோண்டா இரண்டு வார்த்தை பேசினார். பிறகு வெண்டைக்காய் பொரிந்துகொண்டிருந்த எண்ணெய்க்கு மேலே கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். மூன்று நிமிடம் இருக்கும்.

"என்ன பண்றீங்க ரோண்டா?" என்று கேட்டேன்.

"சட்டிகிட்ட வைன்றான். அந்தச் சத்தத்தக் கேட்டா நல்லாத் தூக்கம் வருதாம்."

"பேச மாட்டானா?"

"பேசறதுக்கு என்ன கண்ணு இருக்கு? அங்க நடக்கறத அவன் சொல்ல மாட்டான். இங்க ஒண்ணும் நடக்கறதில்ல."

என் எதிரே உட்கார்ந்திருந்த, என்னோடு பாட்டு எழுதும் வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன். பாட்டு எழுதுகிறவர்கள் சாப்பாட்டை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பொருளைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: இருபத்திரண்டு வருடங்களாக இந்த ஊரில் ஆங்கிலத்தில் பாட்டு எழுதித்தான் பிழைக்கிறேன். இதைத் தமிழில் எழுதக் காரணம், லைலுக்கும் ரோண்டாவுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான். மொழிப்பற்று என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

2

இந்த ஊரில் பாட்டு எழுதுவது பல் மருத்துவரிடம் போவது மாதிரி. காலை பத்து மணிக்கு நேரம் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் உட்காருவோம்; மதியச் சாப்பாட்டுக்குள் பாட்டு முடிந்துவிடும். வெண்டலுக்கு வயது அறுபத்தொன்று. ராணுவப் பாட்டு என்றால் அவர்தான். கொடி, பூட்ஸ், தாய், தூசி படிந்த சாலை எல்லாம் அவரிடம் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதுபோல் தயாராக இருக்கும்.

மறுநாள் பதினொன்றுக்குள் இரண்டு சரணம் வந்துவிட்டது. முதலாவதில் லைல் கிளம்புகிறான். இரண்டாவதில் அம்மா கைபேசியை வாணலியருகே பிடிக்கிறாள்.

"மூணாவதுல பையனப் போட்டுத் தள்ளணும்" என்றார் வெண்டல்.

"அவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான் வெண்டல். நேத்துதானே ஃபோன் பண்ணான்."

"தாரி," என்று என் பக்கம் திரும்பினார். "நாப்பது வருசமா எழுதறேன். மொதல்ல போறான், ரெண்டாவதுல ஏங்கறான், மூணாவதுல சவப்பெட்டி மேல போத்தின கொடி மடிச்சு வீட்டுக்கு வருது. உசுரோட திரும்பி வந்தா அது ராணுவப் பாட்டு இல்ல, பீர் பாட்டு."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மூன்றாம் சரணத்தை நானே எழுதினேன். அழைப்பு வரவில்லை, வாசலில் சீருடையில் இரண்டு பேர், அம்மா கதவருகே நிற்க, அடுப்பில் வெண்டைக்காய் கருகுகிறது. அந்தக் கருகல் வாசனை முழுக்க முழுக்க என்னுடையது. வெண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொன்னுட்ட தாரி" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

ரோண்டாவுக்குப் போட்டுக் காட்டினோம். இரண்டு சரணம்தான் போட்டோம். மாவு ஒட்டிய விரலால் கண்ணைத் துடைத்தார். மகன் பெயரைப் பாட்டில் வைக்கச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டார்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன். அப்போது நான் நினைத்திருந்தால்

3

(                                        )

4

மூன்றைத் தவறவிடவில்லை, வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

ஜூலை நான்கு, நாட்டின் பிறந்தநாள். பக்கத்து மாவட்டத்துத் திருவிழா மைதானம், மாலை நான்கு மணி வெயில். எங்கள் பாட்டை எடுத்துக்கொண்ட பாடகன் கார்வர் அன்றுதான் முதன்முதலாக அதை மேடையில் பாடப் போகிறான். பாட்டில் வரும் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று வெண்டல் சொல்லியிருந்தார். பையன் உயிரோடு இருக்கிறான் என்பதைக் கார்வரிடமோ விழா நடத்துகிறவர்களிடமோ யாரும் சொல்லவில்லை. பாட்டைக் கேட்ட பிறகு யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ரோண்டா தனியாக வரவில்லை. பக்கத்தில் ஒல்லியாக, வெயிலில் காது தோல் உரிந்த ஓர் இளைஞன் சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தான். பணி முடிந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"நீங்கதான் எம்பாட்ட எழுதினவங்களா மேடம்?" என்று எழுந்து கை கொடுத்தான்.

முதலில் வழக்கம்போல் படைகளின் பாட்டுகள். ஒவ்வொரு படைக்கும் ஒன்று. தன் படையின் பாட்டு வரும்போது அதில் இருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். தரைப்படையின் பாட்டு வந்ததும் லைல் கதிரை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். பின்வரிசையில் ஒரு கிழவரும் எழுந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள்.

பிறகு எங்கள் பாட்டு. முதல் சரணத்தில் ரோண்டா மகனை முழங்கையால் இடித்துச் சிரித்தார். இரண்டாவதில் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கிட்டார் மட்டும் வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. பிற்பாடு கடிகாரம் வைத்து அளந்தேன், பத்தொன்பது விநாடி. 'ரோண்டா, எழுந்து வாங்க, வெளியே போயிடலாம்' என்று சொல்ல நாலு விநாடி போதும். நான் என் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் சரணம் தொடங்கியது.

ரோண்டாவின் முகத்தை எழுதிப் பார்த்தேன். 'முகம் வெளிறியது'... இல்லை. 'அவர் கண்களில்'... அதுவும் இல்லை. உண்மையில் முகம் ஒன்றுமே செய்யவில்லை. சிரித்துக்கொண்டிருந்த முகம் சிரித்தபடியே இருந்தது, நிறுத்த மறந்துபோன மாதிரி. கை மட்டும் லைலின் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் கார்வர் தொப்பியைக் கழற்றினான். அவன் உண்மையாகவே அழுதிருந்தான். "லைலோட அம்மா இங்கதான் இருக்காங்க. எந்திரிங்கம்மா. நாங்க உங்களப் பாக்கணும்" என்றான்.

மைதானமே எழுந்தது. மூவாயிரம் பேர் இருக்கும். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பெண்கள் தேம்பினார்கள்.

ரோண்டா எழுந்து நின்றார்.

எழுந்து நின்றார்! எல்லோரும் நிற்கிறார்களே என்று லைலும் எழுந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். தன் சாவுக்குத் தானே மரியாதை செய்தபடி நின்றான்.

பின்வரிசைக் கிழவர் அவன் தோளைத் தொட்டார்.

"அந்தப் பையனத் தெரியுமா தம்பி?"

"கொஞ்சம் பழக்கம், ஐயா."

"தங்கமான பையனா இருந்திருப்பான்."

லைல் யோசித்தான். "ரொம்ப எல்லாம் இல்லீங்க" என்றான்.

5

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ரோண்டா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் ஏன் எந்திரிச்சேன்?" என்று வண்டிக் கதவைப் பார்த்துக் கேட்டார். "எல்லாரும் அழுதுகிட்டு நிக்கறாங்க. உக்காந்திருந்தா மரியாதையா இருக்காதேன்னு... எம்புள்ள பக்கத்துல குந்தி சோளம் திங்கறான், நான் அவனுக்குத் துக்கம் வாங்கிட்டு நிக்கறேன்."

"விடும்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான் லைல்.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குன்னு சொன்னியே கண்ணு. இதானா அந்தக் கொஞ்சம்?"

(இந்த இடத்தில் நான் என்ன பதில் சொன்னேன் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். சொல்லவில்லை. மறுபடியும் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.)

6

அடுத்த செவ்வாய், பத்து மணிக்குச் சரியாக எங்கள் அறைக் கதவைத் தட்டியது லைல். உட்காரச் சொன்னோம். நின்றுகொண்டே பேசினான்.

"மூணாவதுல என்னத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க. அம்மா ராத்திரியெல்லாம் வந்து வந்து கதவத் தொறந்து பாக்கறாங்க, மூச்சு விடறனான்னு."

வெண்டல் பெரிய மனிதர். மறுபேச்சுப் பேசாமல் கிட்டாரை எடுத்தார். இரண்டு மணி நேரம் முட்டி மோதினோம். விமான நிலையத்தில் இறங்க வைத்தோம், அம்மாவைக் கட்டிப்பிடிக்க வைத்தோம், நாயை ஓடிவர வைத்தோம், வெண்டைக்காயைப் பொன்னிறமாகப் பொரித்தோம். முடித்ததும் இரண்டையும் பாடிக் காட்டச் சொன்னான் லைல். முதலில் உயிரோடு வருவது, பிறகு சாவது.

"வர்றது சப்புன்னு இருக்கு சார்."

"ஆமா தம்பி" என்றார் வெண்டல், தலையைக் குனிந்துகொண்டு.

"செத்ததுதான் நல்லா இருக்கு. எனக்கே அழுகை வருது." அவன் குரலில் கசப்பு இல்லை. "நான் வந்து எறங்கினப்ப அம்மா மட்டும்தான் நின்னாங்க. செத்ததுக்கு அத்தனை பேரு எந்திரிச்சு நின்னாங்களே."

அவனைப் பாட்டில் கொன்றது ஒரு பாவம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சாவு அவனுக்கே பிடித்துப்போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"பாட்டு அப்படியே இருக்கட்டும். எம்பேர மட்டும் எடுத்துருங்க" என்றான்.

"வேற என்ன பேரு வெக்கிறது?"

"யாரு பேரும் வேணாம் சார். எந்தப் பேரப் போட்டாலும் அவனுக்கு ஒரு அம்மா இருப்பா."

(அவன் உண்மையான பெயர் லைல் இல்லை, இந்தக் கதைக்காக நான் வைத்தது. ஆனால் லைல் என்று எங்கேயோ ஒருவன் இருக்கத்தான் இருப்பான். அவன் அம்மாவிடம் நான் என்ன சொல்வது?)

7

இலையுதிர் காலத்தில் பாட்டு வெளிவந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் கார்வர் ஒரு தாளத் தட்டு நேரம் மௌனமாக நிற்பான், பிறகு தொடர்வான். நாகரிகமான தீர்வு என்று நானும் வெண்டலும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம்.

மூன்றாவது கச்சேரியில், அந்த மௌனத்தில் ஒரு பெண் ஒரு பெயரைக் கத்தினாள். அடுத்த ஊரில் பத்துப் பேர். தை மாதத்துக்குள் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. அரங்கம் நிறைய ஆட்கள், பாட்டு நின்றதும் அவரவர் வீட்டுச் சாவின் பெயரைத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரே நேரத்தில். ஒன்றுகூடக் காதில் விழுவதில்லை. வெண்டல் கைபேசியில் போட்டுக் காட்டினார். பாதியில் நிறுத்தச் சொன்னேன்.

"நாம ஒரு ஓட்டை விட்டோம் தாரி. ஊரே அதுல வந்து விழுது" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் பயந்து நான் பார்த்தேன். எனக்கும் பயமாக இருந்தது.

8

இந்தக் கதையை எப்படி முடிப்பது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: லைல் டயர் கடையில் வேலைக்குச் சேர்கிறான். ஒரு நாள் லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது அது வெடித்து...

முடிவு இரண்டு: மழை. நெடுஞ்சாலை. வானொலியில் அந்தப் பாட்டு. அவன் கை ஸ்டீரிங்கிலிருந்து...

முடிவு மூன்று: ரோண்டா வழக்கம்போல் அவன் அறைக் கதவைத் திறக்கிறார்...

எழுதியபிறகுதான் பார்த்தேன். மூன்றிலும் செத்திருந்தான்! வெண்டல் பக்கத்தில் இல்லை, பாடகன் இல்லை, மைதானம் இல்லை. யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. கை தானாகப் போயிருக்கிறது. பேனாவை மேசையில் வைத்துவிட்டு என் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகுதான் மூன்றாம் எண்ணுக்குத் திரும்பிப் போய், அங்கே எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டுக் காலியாக விட்டேன்; நான்கின் முதல் வரியும் அப்போது சேர்த்ததுதான். மூன்று என்றாலே என் கை அவனைக் கொல்லப் போய்விடுகிறது. டயர் கடை மட்டும் உண்மை.

9

இப்போது பதினொன்றே முக்கால். ரோண்டாவின் கடையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரோண்டா எனக்குத் தட்டு வைக்கிறார். கண்ணு என்று கூப்பிடுவதில்லை. லைல் கையெல்லாம் டயர்க் கரியோடு சாப்பிட வந்தான். காபியை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"என்ன எழுத்து மேடம் இது, நூல்கண்டு சிக்குன மாதிரி?"

"எங்க மொழி."

"எதப் பத்தி?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனால் கண்டுபிடிக்க முடியாது. "உன்னப் பத்தி" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் நோட்டுப் புத்தகத்தையே பார்த்தான்.

"இதுலயாவது பொழைக்கிறனா?"

எனக்குத் தெரியவில்லை என்பதை எப்படிச் சொல்வது? அவனே தாள்களைப் புரட்டினான். எண்களை மட்டும்தான் அவனால் படிக்க முடிந்தது.

"ஒண்ணு, ரெண்டு... மூணுல ஒண்ணுமே இல்லியே?"

"அங்க எதுவும் எழுதக் கூடாதுன்னு விட்டிருக்கேன்."

"காலியா விட்டா சும்மா இருக்க மாட்டாங்க மேடம். எவனாவது வந்து கத்துவான்."

கொஞ்சம் யோசித்தான். பிறகு தன் காபிக் கோப்பையை அந்த வெற்றிடத்தின்மேல் வைத்தான். சரியாகப் பொருந்தியது.

"கை கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போனான்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. ரோண்டா வெண்டைக்காயை எண்ணெயில் போட்டுவிட்டு, தலையை எட்டி நீட்டி அந்தக் குழாயடிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இனி நீங்கள்தான். புத்தகத்தை மூடுங்கள், என்னைத் திட்டுங்கள், முடிவு பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். கோப்பையை மட்டும் நகர்த்தாதீர்கள். அவன் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.