காதை நம்பியவன்

டைல்ஸ் பதிப்பதில் அவன் கெட்டிக்காரன். பதித்த மறுநாள் சுத்தியல் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போவான். நூறு கல்லுக்கு நடுவில் ஒரு கல்லின் அடியில் காற்று நின்றாலும் அவன் காது கண்டுபிடித்துவிடும். முதலாளி அந்தக் காதை நம்பினார். அவனும் நம்பித் தொலைத்ததுதான் வினையாகப் போயிற்று.

மகளுக்குப் பத்து மாதம். பிறந்த மூன்றாம் வாரமே, குதிகாலில் எடுத்த ரத்தத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்துவிட்டது. நுரையீரலில் சளி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும் பிறவி நோய். சளி தங்காமல் இருக்க, உள்ளங்கையைக் குவித்து நெஞ்சிலும் முதுகிலும் காலையும் மாலையும் கால் மணி நேரம் தட்ட வேண்டும். மனைவி விடியற்காலையிலேயே சலவைக்கூடத்து வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் காலை அவன் பொறுப்பு, மாலை அவள் பொறுப்பு. தட்டியதும் சமையலறைச் சுவரில் தொங்கும் அட்டையில் ஒரு டிக் போட வேண்டும்.

முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. குழந்தையும் பாலும் மருந்துப் பொடியுமாகக் கொழுகொழுவென்று தேறி, வீட்டில் ‘உருண்டை’ ஆகிவிட்டாள். இருமல் என்று ஒன்று கிடையாது. ஒருநாள் தட்டி முடித்து அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டான். சுத்தமாக இருந்தது. மறுநாள் காலை, அசந்து தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசு வரவில்லை. டிக் மட்டும் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். அப்புறம் வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள் என்று ஆரம்பித்து, போகப்போக மாதத்தில் பாதி அப்படியே போனது. மாலையில்தான் மனைவி தட்டுகிறாளே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வான்.

வழக்கமான ஸ்கேன் எடுத்த பிறகு, டாக்டரம்மா திரையில் விரலை வைத்துக் காட்டினார். “இந்தக் கறுப்புத் திட்டுகளைப் பாருங்க. இங்கெல்லாம் காத்து உள்ள போகுது, வெளிய வரல. சளி வழியை அடைக்குது. மூச்சுக்குழாய் சுவரும் தடிக்க ஆரம்பிச்சிருக்கு.”

“இருமலே இல்லையே டாக்டர்,” என்றாள் மனைவி.

“இந்த வயசுல சத்தம் காட்டாமத்தான் ஆரம்பிக்கும்.”

ஊரார் வீட்டுத் தரையில் காற்றைப் பிடிக்கிறவன் சொந்த மகளிடம் கோட்டை விட்டிருந்தான்.

வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவந்திருந்த டிக் அட்டைகளை டாக்டர் புரட்டினார். ஒரு டிக் கூட விடுபடவில்லை. “இவ்வளவு ஒழுங்கா யாரும் செய்யறதில்ல. இதையும் மீறி வந்திருக்குன்னா காரணம் தெரிஞ்சாகணும். இன்னைக்கே அட்மிட் பண்ணிடுங்க. நாளைக்கு மயக்க மருந்து குடுத்து, குழாய் விட்டு உள்ள பார்த்துடலாம்,” என்று எழுதத் தொடங்கினார்.

பேனா இரண்டு வரி ஓடியது. தன் பொய்க்காக அந்தப் பிஞ்சை மயங்கவைத்துக் குழாய் விடப்போகிறார்கள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

“எழுதாதீங்க டாக்டர். காலையில பாதி நாள் நான் தட்டவே இல்ல. டிக் மட்டும் போட்டேன்.”

மனைவி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவளோ மடியில் இருந்த உருண்டையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“சாயங்காலமும் அப்படித்தான் டாக்டர்,” என்றாள் கடைசியில். “வேலை முடிஞ்சு வந்தா கையைத் தூக்க முடியல. காலைல இவர் ஒழுங்கா செய்யறாரேன்னு விட்டுட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம் என்று இருவருக்குமே தோன்றியது. “குழாயைத் தள்ளிவைக்கலாம். ரெண்டு வாரம் ஊசி மருந்து ஏத்தியாகணும். தட்டுறதை இன்னைக்கே ஆரம்பிங்க.”

“வந்தது சரியாயிடுமா?”

“கொஞ்சம் சரியாகலாம். தடிச்சது பழையபடி ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது.”

வார்டுக் கட்டிலில் உட்கார்ந்து மகளை மடியில் குப்புறப் போட்டான். கையைக் குவித்துத் தட்டினான். உருண்டை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பத்து நிமிடம் போயிருக்கும், சிரிப்பு நின்று அவள் உடம்பு குலுங்கியது. இருமினாள். பிறந்ததிலிருந்து அவர்கள் கேட்ட முதல் இருமல். வாயோரம் கெட்டியாகச் சளி வந்தது.

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. மனைவி துணியால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“நிறுத்தாதீங்க,” என்றாள்.