கட்டிலா, வயரா, விரிப்பா?

முப்பத்து நான்கு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த பஸ் முதலில் கிளம்ப வேண்டும், எது அடுத்தது, எந்த டிரைவர் இன்னொரு டீ குடித்துவிட்டு வரலாம் என்பதையெல்லாம் தீர்மானித்தது என் விசில்தான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பஸ் அனுப்பியிருக்கிறேன். சரி, இருநூற்றுப் பத்து. ஒருமுறை நான் ஊதிய ஊதலில் எதிர்க்கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து வெளியூருக்கே கிளம்பிவிட்டது. இன்றுவரை திரும்பவில்லை.

அப்பேர்ப்பட்ட நான், அன்று காலை ஒன்பது மணிக்கு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, நான்கு வேலைகளில் எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு முட்டி மாற்று ஆபரேஷன். எட்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். கூட இருந்து பார்த்துக்கொண்டது அவள் தங்கை. நான் அவளைக் கலெக்டரம்மா என்றுதான் சொல்வேன். அவள் எந்த ஆபீஸிலும் வேலை பார்த்ததில்லை. ஆனால் அவள் ஒரு அறைக்குள் நுழைந்தால் அங்கே இருக்கிற நாற்காலிகள் தாமாகவே வரிசையில் நின்றுகொள்ளும். அன்று காலை போனில் உத்தரவு வந்தது.

"அத்தான், நாலு மணிக்கு அக்காவைக் கூட்டிட்டு வர்றேன். வீடு சரியா இருந்தா இறக்கி விடுவேன். இல்லேன்னா அப்படியே காரைத் திருப்பி எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். லிஃப்ட் இருக்கு, தரை வழவழன்னு இருக்கு. மூணு மாசம் இருக்கட்டும்."

"மூணு மாசமா?"

"அக்கா சீட்டு எழுதிக் குடுத்தாளே, அதைச் செஞ்சீங்களா?"

"செஞ்சுக்கிட்டே இருக்கேன்."

"எங்க? சோபாவுலயா?"

போனுக்குள் கேமரா வைத்திருக்கிறாளோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்று மாதம் என்பது எனக்குச் சாதாரணக் கணக்கில்லை. என் மனைவி போன இந்த எட்டு நாளில் நான் பிரிட்ஜோடு பேச ஆரம்பித்திருந்தேன். நான்காம் நாள் அது பதிலும் சொன்னது. தையல் மிஷின் சத்தமில்லாத வீட்டில் காலையில் எழுந்திருப்பதற்கே ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. உடம்பிலிருந்த எலும்புகளையெல்லாம் யாரோ கழற்றி மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். எழுந்திரு என்று கைக்குச் சொன்னால், கால் சொல்லட்டும் என்று கை காத்திருந்தது.

சீட்டு மடியில் கிடந்தது. என் மனைவி தையல்காரி. தோள், இடுப்பு, கை என்று ஒற்றைச் சொல்லில் அளவெழுதியே பழகியவள். கடிதமும் அப்படித்தான் எழுதுவாள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது: படி. கட்டில். வயர். விரிப்பு. ஸ்டூல்.

முதல் சொல்லிலேயே நான் ஆடிப்போனேன். படி! கல்யாணமான முப்பத்தொன்பது வருடத்தில் அவள் என்னை ஒருமையில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சண்டையின் உச்சத்தில்கூட "மண்டை இருக்காங்க உங்களுக்கு?" என்றுதான் கேட்பாள். முட்டியோடு சேர்த்து மரியாதையையும் மாற்றிவிட்டார்களோ? சரி, வலியில் எழுதியிருக்கிறாள், ஒழுங்காகப் படித்துவிட்டுச் செய் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். படித்தேன். பத்து தடவை படித்தேன். அதில் இரண்டு தடவை எழுந்து நின்று, உரக்க.

ஆக, படித்தாகிவிட்டது. மிச்சம் நான்கு வேலை. உள்ளறைக் கட்டிலை ஹாலில் போட வேண்டும். ஹாலின் குறுக்கே ஓடும் வயர் அவள் காலில் மாட்டக் கூடாது. விரிப்பு வழுக்கக் கூடாது. ஸ்டூல் குளியலறைக்குப் போக வேண்டும். ஒரு சின்னக் குழந்தைகூட ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கட்டிலைக் கொண்டுவர வேண்டுமென்றால் ஹாலில் இடம் வேண்டும். அதற்கு விரிப்பைச் சுருட்ட வேண்டும். விரிப்பின் மேல் டிவி மேஜை நிற்கிறது. மேஜையை நகர்த்தினால் வயர் இழுபடும். வயரை எடுக்கலாமென்றால் அது விரிப்புக்கு அடியில் போகிறது. ஸ்டூலையாவது தூக்கலாமென்றால் அதன் மேல் பழைய ரேடியோ, ரேடியோவின் மேல் பூச்சாடி, பூச்சாடிக்குள் வீட்டுச் சாவியிலிருந்து தையல் ஊசிவரை சகலமும் இருக்கிறது. டெப்போவில் மழை நாளில் நான்கு பஸ்கள் ஒன்றின் மூக்கில் இன்னொன்று முட்டிக்கொண்டு நிற்கும், எதுவும் பின்வாங்காது. அதே காட்சி என் ஹாலில். டிரைவர்களைத் திட்டலாம், மேஜையைத் திட்டி என்ன பயன்? திட்டியும் பார்த்தேன்.

பத்து மணிக்குக் கட்டிலின் ஒரு காலைக் கழற்றினேன். கழற்றும்போதே, இல்லை, வயர்தான் முதலில் என்று தோன்றியது. வயரின் ஒரு முனையைப் பிடுங்கினேன். பிடுங்கியதும் விரிப்பு கண்ணில் பட்டது. அதைப் பாதி சுருட்டி, சுருட்டியதைத் தலையணையாக வைத்துக் கொஞ்சம் படுத்துப் பார்த்தேன். எழுந்து, மேஜையைக் குறுக்கே தள்ளி விரிப்பை உருவிவிட்டு ஸ்டூலிடம் போனேன். கையில் எடுத்ததையெல்லாம் எங்கே வைப்பதென்று தெரியாமல் சமையலறைப் பின்கதவைத் திறந்து பக்கச் சந்தில் வீசினேன். ஒரு மணிக்குள் நான்கு வேலையும் ஆரம்பமாகியிருந்தன. ஒன்றும் முடிந்திருக்கவில்லை. வீடு முன்பைவிட நாற்பது மடங்கு மோசமாகியிருந்தது. நான் சோபாவுக்குத் திரும்பினேன். சோபா மட்டும்தான் அதன் இடத்தில் இருந்தது.

ஒன்றரைக்கு மனைவியே போன் செய்தாள்.

"என்னங்க, முதல்ல எழுதியிருந்தேனே, படி. அது ஆச்சா?"

"அது காலையிலயே ஆச்சு. பத்து தடவை."

"பத்து தடவையா? எதுக்கு?"

"நல்லா மனசுல நிக்கணும்ல."

"நிக்கறதுதாங்க முக்கியம். இப்ப ஆடாம நிக்குதா?"

"எது?"

"மூணாவது!"

சீட்டைப் பார்த்தேன். மூன்றாவது, வயர். "அது எதுக்கு ஆடப்போகுது? சுருட்டி வெச்சிருக்கேன்."

அவள் மெல்லிய குரலில் கேட்டாள்: "படியைச் சுருட்டினீங்களா?"

"படியா? நீ என்னைப் படின்னு..."

"வாசப்படிங்க! மூணாவது படியில கல்லு ஆடுதுன்னு ரெண்டு வருஷமாச் சொல்றேன். நான் எப்படி ஏறுவேன்?"

பின்னால் ஒரு நர்ஸ் சிரிப்பது கேட்டது. பிறகு இன்னொரு நர்ஸ். அந்த வார்டில் அன்று பாதிப் பேர் மருந்தில்லாமலே குணமாகியிருப்பார்கள்.

ஓடினேன். ஆமாம், ஓடினேன், அடுத்த தெருக் கொத்தனார் வீட்டுக்கு. அவர் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அவசரம். படி ஆடுது."

"எல்லாரும் அவசரம்னுதான் சார் வர்றாங்க" என்றவர், பாவம், உடனே கரண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கல்லைப் பெயர்த்தார், அடியில் வழித்தார், சிமென்ட் குழைத்து அழகாக உட்கார வைத்தார். மேலே ஈரச் சாக்கைப் போட்டார். முகம் பார்க்கலாம் போல ஒரு படி.

"நாளைக்குக் காலை வரைக்கும் எறும்பு கூட ஏறக் கூடாது, சார்."

"என்னது? நாலு மணிக்கு ஆபரேஷன் பண்ணின மனுஷி வர்றாங்களே!"

"அதை முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"அவசரம்னு சொன்னேனே!"

"அவசரம்னு சொன்னீங்க. எதுக்குன்னு சொல்லலியே. ரெண்டு பலகை போட்டுத் தற்காலிகமா நிறுத்தியிருப்பேன்." கரண்டியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றரை. எனக்குத் தலைக்குள் ஒரு பெரிய சத்தம். ஈரமில்லாத முதல் இரண்டு படிகளில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். எதிலும் யோசனை வரவில்லை.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கார் வந்துவிட்டது. கலெக்டரம்மா இறங்கினாள். சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன அத்தான், ரோடு போடறீங்களா?"

"படி... புதுசு... நாளைக்குக் காயும்."

"அதுவரைக்கும் அக்கா பறந்து போவாளா?"

பின்சீட்டில் கதவோரம் சாய்ந்து, காலை சீட்டின் நீளத்துக்கு நீட்டி உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஜன்னலை ஏத்து, அக்கா. கிளம்பலாம்" என்றாள் தங்கை.

"இருடி. பின்வாசல் இருக்குல்ல. அங்க படியே கிடையாது."

கலெக்டரம்மா பக்கச் சந்தை எட்டிப் பார்த்தாள். கட்டில் கால், சுருட்டிய விரிப்பு, டிவி மேஜையின் இழுப்பறை, பூச்சாடி, ரேடியோ, ஸ்டூல். அவற்றுக்கு முன்னால் பத்து வருடமாகக் காற்றில்லாமல் நிற்கும் என் சைக்கிள்.

"இது சந்தா, குடோனா? அக்கா, டாக்டர் என்ன சொன்னார்? ரொம்ப நேரம் கார்ல உக்காந்தா வீங்கும்னாரா இல்லையா? அத்தான், அரை மணி நேரம். நாலரைக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்."

சந்து முனையில் போய் நின்றேன். மறுபடி அதே நோய். சைக்கிளா? விரிப்பா? கனமானதா, லேசானதா? உள்ளே போய்க் கட்டிலை முடித்துவிட்டு வரலாமா? கை சட்டைப்பையில் சீட்டைத் தேடியது.

"என்னங்க யோசனை?" காரிலிருந்து குரல். "என் வாக்கரை எடுத்துக்கிட்டு நடங்க. எங்க முட்டுதோ அதை எடுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்து எங்க முட்டுதோ அது."

காரிலிருந்து வாக்கரை எடுத்தேன். நாலு கால் ஊன்றி ஒரு அடி வைத்தேன். முட்டியது. சைக்கிள். தூக்கித் தெருவோரம் சாய்த்தேன். மறுபடி ஊன்றினேன். இழுப்பறை. பிறகு விரிப்பு. பிறகு கட்டில் கால், பூச்சாடி, ரேடியோ. ஒன்றைப் பார்க்கும்போது அடுத்தது கண்ணில் படவே இல்லை, வாக்கரின் முன்கால் மட்டும்தான் தெரிந்தது. தெருவில் போன ஒருவர் நின்று, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா சார்? நல்லா நடக்கறீங்களே!" என்று விசாரித்தார். தங்கை காரின் மேல் சாய்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்தாள், அதில் ஒரு தயவும் இல்லை. ஸ்டூல் முட்டியது. அதை எடுத்துக்கொண்டு அப்படியே உள்ளே போய்க் குளியலறையில் வைத்தேன். வெளியே வந்தபோது வாக்கர் சமையலறை வாசல்வரை வெறும் தரையில் கடகடவென்று போயிற்று.

நாலு இருபத்தெட்டு. சத்தியமாக. ரெண்டு நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

இருவரும் பிடித்து அவளை நிற்க வைத்தோம். அந்தச் சந்து மொத்தம் இருபது அடி. அன்று அது இருபது மைல். ஒவ்வொரு அடிக்கும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். தங்கை முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, "வா, வா" என்று கூப்பிட்டாள். சமையலறைக்குள் கால் வைத்ததும் என் மனைவி நாற்காலியில் சரிந்தாள்.

"இதுக்கு மேல ஒரு அடிகூட முடியாது."

ஹாலை எட்டிப் பார்த்த கலெக்டரம்மாவின் புருவம் நெற்றியைத் தாண்டிப் போனது. வயர் பாதி, மேஜை குறுக்கே, உள்ளறையில் கட்டில் மூன்று காலில். "அக்கா, இந்த வீட்டுல நீ எங்க படுப்பே? வா, காருக்கே..."

"மறுபடியும் அந்தச் சந்துல நடக்கச் சொல்றியா?" என் மனைவி பிரிட்ஜையும் அடுப்பு மேடையையும் ஒரு பார்வை பார்த்தாள். துணியைப் பார்த்தே எத்தனை முழம் என்று சொல்லும் அதே பார்வை. "இங்க நாலடிக்கு ஆறரை இருக்கு. கட்டிலை இங்க போடுங்க."

"சமையல் ரூம்லயா?"

"குளியலறை பக்கத்துலதானே இருக்கு. போடுங்கங்க."

நான் சட்டங்களைக் கழற்றித் தூக்கி வந்தேன். கால்களைப் பொருத்தும்போது எது எந்த மூலை என்று தெரியவில்லை, நான்கும் ஒன்றுபோல முறைத்தன. கலெக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "கையில எது இருக்கோ அதை மாட்டுங்க, அத்தான்!" என்று சட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

ஐந்தரைக்கு அவள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, நாளைக்கு வந்து பார்ப்பேன் என்று மிரட்டினாள். கார் திரும்பும்வரை வாசலில் நின்றேன், இரண்டாவது படியில்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியிருந்தது. கஞ்சி கொதித்தது. என் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து உப்பு டப்பாவைச் சத்தமில்லாமல் எடுத்தேன்.

"போட்டாச்சுங்க" என்றாள். "இப்பதான் போட்டீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."