இறக்கத்துக்கும் அதே கியர்

தோளுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. மூன்றாவதையும் இழுத்து மாட்டியபோது முகாம் காவலாளி, "ரொம்ப இறுக்காதீங்கம்மா, வலிக்க..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல," என்றாள் சின்னவள். "லூசா கட்டினாத்தான் அவளுக்குக் கோவம் வரும்."

அக்கா இருபத்தாறு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்ற அன்று என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். பழைய ஸ்ட்ரெச்சர் பட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். வண்டியின் பின்கட்டிலில் பொருத்தி, "ஓட்டத்துல நீ படுத்தா உருண்டு விழாம இருக்க" என்றாள். சின்னவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் இன்னும் சின்னவள்தான்.

அந்த வண்டி ஒரு காலத்தில் ரொட்டி விநியோகித்தது. அக்கா அதை வாங்கி, ஜன்னல் வெட்டி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீடாக்கினாள். அதன் பெயர் மாப்பிள்ளை. தினமும் காலையில் கொஞ்சிக் கெஞ்சினால்தான் கிளம்பும். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத அக்காவும், கணவனை இழந்த சின்னவளும் மழை நாட்களில் மாறி மாறி, "என்ன, மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

வேலையில் பாகப்பிரிவினை அன்றே முடிந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் இருப்பதெல்லாம் அக்காவின் ராஜ்ஜியம். பின்னால் இருப்பதெல்லாம் சின்னவளுடையது: கேஸ் சிலிண்டர், பாட்டரி, கழிவுத் தொட்டி, கூரையில் எங்கே ஒழுகுகிறது என்பது. அக்காவின் வற்புறுத்தலில் எட்டு மாதம் முன்பு சின்னவளும் லைசென்ஸ் எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் மாப்பிள்ளையை ஓட்டியது ஞாயிற்றுக்கிழமைகளில், காலியாகக் கிடக்கும் சந்தை மைதானத்தில் மட்டும்.

நேற்று மதியம் அக்கா மலையேறினாள். முப்பத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் பதினோராவது வளைவில் இன்ஜின் கொதித்து, இழுவை வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். ஆறு மாதம் ரேடியேட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு இந்த முறை ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். ஏரிக்கரை முகாமில் இறங்கி, வண்டியின் முகப்பில் இரண்டு தட்டு தட்டி, "முப்பத்தி நாலு! ஒரு தடவைகூட ஊசி சிவப்புக்குப் போகலடி!" என்று கத்தியதில் ஏரியிலிருந்த பறவைகள் கலைந்தன. அவள் இதயம் பலவீனமானது என்று டாக்டர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசியிருக்க முடியாது.

காலையில் டீ போட்டு எழுப்பப் போனாள் சின்னவள். அக்கா எழுந்திருக்கவில்லை.

அடிவார ஊரிலிருந்து வந்த டாக்டர் பார்த்தார், தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்றார், தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "வழியில யாராவது நிறுத்தினா இதக் காட்டுங்க. யார் ஓட்டப் போறாங்க?"

சின்னவள் பதில் சொல்வதற்குள் தம்பியின் போன் வந்தது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து வழக்குகளைப் பார்ப்பவன். அழுதான். அழுது முடித்ததும் அலுவலகக் குரல் வந்துவிட்டது.

"சின்னக்கா, வண்டியத் தொடாத. நான் டிரைவர் அனுப்பறேன்."

"எப்ப வருவார்?"

"நாளைக்கு மதியத்துக்குள்ள. அதுவரைக்கும் பெரியக்காவ அந்த ஊர் ஆஸ்பத்திரில வச்சுடலாம்."

"ஐஸ் பெட்டிலயா?"

"ஒரு ராத்திரிதானே, சின்னக்கா."

"தம்பி, எத்தனையோ பேர வீடு சேத்தவ அவ. அவள நான் முன்பின் தெரியாத எடத்துல வச்சுட்டு வரமாட்டேன்."

"அந்த ரோட்டுல வருஷத்துக்கு எத்தனை கேஸ் வருதுன்னு எனக்குத் தெரியும். சின்னக்கா, நீ மைதானத்துல வட்டம் போட்டவ!"

"சாயங்காலம் வந்துருவேன். கேட்டைத் திறந்து வை."

சிலிண்டரை மூடினாள். கூரை ஜன்னலை இறக்கினாள். படியை மடித்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அக்கா நகர்த்த விடாத இருக்கையை, வண்டி வந்த ஆறு வருடத்தில் முதல்முறையாக இரண்டு பல் முன்னால் இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை முதல் திருப்பிலேயே கிளம்பியது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. கிளம்பாமல் இருந்திருந்தால் ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

முதல் நான்கு வளைவுகளை பிரேக்கை மிதித்தே இறங்கினாள். ஐந்தாவதில் கருகல் வாடை வந்தது. மிதி காலுக்கடியில் பஞ்சுபோல அமுங்கியது. கைபிரேக்கைப் பிடித்து இழுத்து, மலைச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டாள். சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. வலப்பக்கம் சாலை முடிகிற இடத்தில் வானம் தொடங்கியது.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். சத்தமாக, மூக்கு ஒழுக. பின்னாலிருந்து யாரும் அதட்டவில்லை. "ஏத்தத்துக்கு எந்த கியரோ, இறக்கத்துக்கும் அதே கியர். பிரேக்க நம்பினா பிரேக் உன்ன விட்டுட்டுப் போயிடும்" என்று அக்கா ஒவ்வொரு மேட்டிலும் ஓதியிருக்கிறாள். சின்னவள் அப்போதெல்லாம் வெங்காயம் நறுக்கிக்கொண்டு ம் கொட்டுவாள்.

"சரி, ரெண்டாவதுதானே. வரேன்," என்று முகத்தைத் துடைத்தாள்.

பிரேக் ஆறுவதற்கு அரை மணி நேரம் காத்திருந்து, இரண்டாவது கியரில் மெல்ல விட்டாள். இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தது. கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும் என்று ஆனது. வளைவுகளின் எண்கற்கள் இறங்குமுகமாக வந்தன: இருபத்தைந்து. இருபத்து நான்கு. பின்னால் கரண்டிகள் சடசடவென்று கொட்டின. இழுப்பறையின் கொக்கியைப் போட மறந்திருக்கிறாள். "என் ராஜ்ஜியத்துலயே கோட்டை விட்டேன் பாரு," என்றாள் அக்காவிடம்.

பத்தொன்பதாவது வளைவில் மரம் ஏற்றிய லாரி எதிரே வந்து நின்றது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அவள்தான் பின்னால் போக வேண்டும், அதுவும் மேட்டில், வளைவுக்குள்.

லாரிக்காரர் இறங்கி வந்தார். நரைத்த மீசை. "டிரைவர் எங்கம்மா?"

"நான்தான்."

அவளையும் வண்டியின் நீளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இறங்குங்க. நான் எடுத்துத் தர்றேன்."

ஒரு நொடி அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. பிறகு திரும்பி ஸ்டியரிங்குக்கே வந்தது.

"வேணாம். பின்னாடி நின்னு கை மட்டும் காட்டுங்க."

அவர் பின்னால் போனார். கண்ணாடியில் அவர் கை உயரவில்லை. பின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது தலைத்துண்டு கையில் இருந்தது.

"உள்ள அவங்க...?"

"எங்க அக்கா. நேத்து இந்த மலைய ஏத்தினது அவங்கதான். நான் இறக்கிக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் தலையசைத்தார். மறுபடி போய் நின்று, விமானத்துக்கு வழி காட்டுகிறவர்போலக் கைகளை அகல விரித்தார். அவள் கிளட்சை விட்டாள். ஒரு முழம் பின்னால். ஒடித்தாள். இன்னும் ஒரு முழம். ஒரு முறை வண்டி அணைந்து, அரை அடி முன்னே நழுவியது. மீண்டும் கிளப்பினாள். பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்புக் கல்லைத் தொட்டதும் அவர் இரண்டு கையையும் உயர்த்தினார். லாரி போகிற அளவுக்கு வழி கிடைத்திருந்தது.

ஜன்னலருகே வந்து, "முப்பது வருஷமா ஓட்டறேன். இந்த எடத்துல நானே ரெண்டு தடவ ரிவர்ஸ் அடிப்பேன்," என்றார்.

"எனக்கு இதுதான் முதல் தடவ."

"எது, இந்த வளைவா?"

"ரோடே!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுப் பின் ஜன்னலைப் பார்த்து அடங்கினார். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. இன்றைக்குச் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அது வந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். கடைசிக் கல்லைத் தாண்டியபோது, "ஒண்ணு!" என்று அடித்தொண்டையில் கத்தினாள். சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

தம்பியின் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கேட் திறந்திருந்தது. அக்காவோடு வேலை பார்த்த நான்கு பேர் ஆம்புலன்ஸ் சீருடையில் வந்து நின்றிருந்தார்கள். இன்ஜின் சத்தம் நின்றதும் அவர்களில் மூத்தவர் ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார். அக்கா இறங்கும்போதெல்லாம் அப்படித்தான் திறந்துவிடுவாராம். சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

தம்பி அவளிடம் வரவில்லை. நேராக அக்காவிடம் போனான். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பழக்கதோஷம், கை தானாகத் தகரத்தைத் தடவிக்கொண்டே போனது. முழுச் சுற்று முடித்து அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஒரு கீறல்கூட இல்ல," என்றான்.

"ரெண்டாவது கியர்லயே வந்தேன்டா."

அவளைக் கட்டிக்கொண்டு, சிறுவயதில் அழுததுபோல அழுதான்.

மறுநாள் எல்லாம் முடிந்தது. அக்காவை வழியனுப்ப எட்டு ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றுகூட சைரன் ஊதவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் மாப்பிள்ளையை விற்பதைப் பற்றி யாரோ ஒரு உறவினர் பேச்செடுத்தார். சின்னவள் டீ தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கூரை இணைப்பைப் பார்த்தாக வேண்டும். விரிசல் விட்டிருந்தால் அடுத்த மழைக்குக் கட்டில் நனையும். பசைக் குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியைச் சாய்த்தாள்.

தம்பி பின்னாலேயே வந்துவிட்டான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்து நின்றாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான்.

"ஏறு," என்றான்.

அவள் ஏறினாள். ஏணி ஆடவேயில்லை.